அலமாரி வரை போகலாம்

பழைய தில்லி ரயில் நிலையத்துக்கு எதிரே, சுமை வண்டிகளும் ரிக்‌ஷாக்களும் முட்டிமோதும் சாலையில் இருக்கிறது தில்லி பொது நூலகம். யுனெஸ்கோவும் இந்திய அரசும் சேர்ந்து உருவாக்கியது. 1951 அக்டோபர் 27 அன்று நேரு திறந்துவைத்தார்.

எனக்கு இதில் பிடித்தது ஒன்றுதான்: அலமாரிகளைத் திறந்தே வைத்தார்கள். அந்தக் காலத்தில் பல நூலகங்களில் புத்தகங்கள் பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன. பெயரை எழுதிக் கொடுத்தால் ஒருவர் எடுத்து வருவார். தேடி வந்த புத்தகம் கிடைக்கும்; தேடாதது கிடைக்காது. முதுகட்டைகளின் மேல் விரலை ஓடவிட்டு, பேர் தெரியாத ஒன்றை உருவி, நின்ற இடத்திலேயே நாலு பக்கம் புரட்டுகிறோமே, அந்தச் சுகம் வேறு எதிலும் இல்லை. வாசகர்கள் உருவாவது அங்கேதான்.

1953இல் இந்த நூலகம் புத்தக வண்டியையும் தெருவுக்கு அனுப்பியது. அதற்கு நம் ஊரில் ஒரு மூத்த அண்ணன் உண்டு. 1931 அக்டோபரிலேயே மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் நூலக விதிகள் ஐந்தும் புத்தகமாக வந்தது அதே ஆண்டுதான்.

தில்லி போகிறவர்கள் ரயிலுக்கு ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால் சாலையைக் கடந்து உள்ளே போங்கள். ஏதாவது ஒரு புத்தகத்தை உருவிப் பாருங்கள்.