உரைக்குள் ஒரு மறுப்பு

மத்ரஸாக் கல்வியில் தோய்ந்தவர்களுக்கு 'ஷரஹ்' எனும் உரைநூல் வகை புதிதன்று. மூலத்தின் ஒரு தொடரை எடுத்துவைத்து, பொருளை விரித்து, ஐயத்தை எழுப்பி, விடை கூறிச் செல்வது அதன் முறை. இவ்வகை நூல்களைச் சுட்டி, பிற்கால முஸ்லிம் அறிஞர்கள் முன்னோர் சொன்னதையே திருப்பிச் சொன்னார்கள் என்போர் உளர். இக்கூற்று பிழை என்பதற்கு இப்னுன் நஃபீஸ் (இறப்பு ஹிஜ்ரி 687, கி.பி. 1288) எழுதிய 'ஷரஹு தஷ்ரீஹில் கானூன்' சான்றாகின்றது. நம் மேடைகளில் முழங்கும் வேறொரு கூற்றின் பிழையையும் அதே நூல் காட்டுகின்றது.

ஆசிரியர் திமிஷ்கில் மருத்துவம் பயின்று கெய்ரோவில் வாழ்ந்தவர். ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு அறிஞருமாவார். ஏறத்தாழ முப்பது வயதில், கி.பி. 1242இல், இப்னு ஸீனாவின் 'கானூன்' கூறும் உடற்கூற்றியலுக்கு இவ்வுரையை எழுதினார். இதயத்தின் வலப்புறக் குருதி, நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இடப்புறம் செல்கின்றது என்பது ஜாலீனூஸ் எனும் கிரேக்க மருத்துவர் கேலனின் கொள்கை. உரையாசிரியரோ, அச்சுவர் அடர்த்தியானது, அதில் வழியே இல்லை என்று மறுத்தார். குருதி நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றுடன் கலந்து, பின்னரே இதயத்தின் இடப்புறம் வந்தடைய வேண்டும் என்று நிறுவினார். முன்னோரை இகழும் சொல் அங்கில்லை. மறுப்பு மட்டும் தெளிவாக இருக்கின்றது.

நூலில் இடறும் இடமும் உண்டு. ஷரீஅத்தும் உள்ளத்தின் இரக்கமும் உடலை அறுப்பதினின்று தம்மைத் தடுத்தன என்று முன்னுரையில் சொல்லும் ஆசிரியர், இதயத்திற்கு மூன்று அறைகள் என்ற கருத்தை மறுக்கும்போது உடற்கூறாய்வையே சாட்சிக்கு அழைக்கின்றார். அவர் தாமே அறுத்துப் பார்த்தாரா, தருக்கத்தால் மட்டும் முடிவு கண்டாரா? இம்முரணை நூல் தீர்த்துவைக்கவில்லை. நாமும் தீர்த்ததாகப் பாவனை செய்யலாகாது.

இனி நம் மேடைக்கு வருவோம். சுவாசத்தின் இரகசியம் முழுவதையும் அவரே கண்டறிந்தார் என்று சிலர் பேசுகின்றனர். அவர் கூறியது, காற்றும் குருதியும் கலந்து 'ரூஹ்' எனும் உயிராவிக்கு ஏற்றதாகின்றன என்பதே. உண்மையில் காற்று குருதியோடு அப்படியே கலப்பதில்லை. நுரையீரலின் கோடிக்கணக்கான நுண்ணறைகளுக்கும் நுண்குழாய்களுக்கும் இடையே, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லிய சவ்வு உள்ளது. நுண்ணறையில் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 100 மி.மீ. பாதரசம், வந்துசேரும் குருதியில் சுமார் 40. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கு ஆக்சிஜன் ஊடுருவுகின்றது. கரியமில வாயு எதிர்த்திசையில் வெளியேறுகின்றது. அந்நுண்குழாய்களை மால்பீகி 1661இல் தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கியால் கண்டார். ஆக்சிஜனோ 1770களில்தான் அறியப்பட்டது. இப்னுன் நஃபீஸ் கண்டது குருதி செல்லும் பாதை. வாயுப் பரிமாற்றம் அன்று.

ஊடுருவல் ஒன்றே போதுமா என்பது பின்னரும் வழக்காகவே இருந்தது. நுரையீரல் ஒரு சுரப்பியைப் போல ஆக்சிஜனைத் தானே குருதிக்குள் செலுத்துகின்றது என்றார் டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர். அவருடைய மாணவர் ஆகஸ்ட் குரோக், தம் மனைவி மரீயுடன் நுட்பமாக அளந்து, ஊடுருவலே போதும் என்று 1910இல் காட்டினார். ஆசிரியரின் கருத்தை மறுக்க நேர்ந்ததைச் சொல்லி, அவருக்குத் தாம் பட்ட நன்றிக்கடனையும் அக்கட்டுரையிலேயே பதிவுசெய்தார். கெய்ரோவின் உரையாசிரியர் அறிந்த ஒழுக்கமும் இதுவேயன்றோ?

இவ்வுரையின் சுவடி பெர்லின் நூலகத்தில் கிடந்தது. 1924இல் முஹ்யித்தீன் தத்தாவீ என்ற எகிப்திய மருத்துவர் தம் ஆய்வேட்டின் வாயிலாக அதன் சிறப்பை வெளிப்படுத்தினார். அதுவரை நாம் அதைப் படிக்கவில்லை. இப்போது படிக்காமலே புகழ்கின்றோம். இரண்டும் புறக்கணிப்பே. அவர் சொல்லாததை அவர் மீது ஏற்றினால், சொன்னதன் அருமை மறைந்துபோகும். நம் மாணவர்கள் ஷரஹுகளை ஓதும்போது, மூலத்தை உரை எங்கே விளக்குகின்றது என்பதோடு எங்கே மறுக்கின்றது என்பதையும் தேடப் பழக வேண்டும். இப்னுன் நஃபீஸுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுவே.