முனகலைக் கேட்கும் காது

வரிச்சிக்குடி வழியே தரங்கம்பாடி போகும் பழைய புல்லட்டில் எல்லோரும் சைலன்சரை ரசிக்கிறார்கள். எனக்குக் காது கியர் பாக்ஸில்தான். 1955-இல் சென்னையில் தொடங்கிய அந்தப் பரம்பரையின் பழைய வண்டிகளில் நான்கு கியர் பெட்டி எஞ்சினோடு ஒட்டாத தனி உறுப்பு. கியர் மிதி வலது காலுக்கு. நியூட்ரலைத் தேட இன்னொரு மிதி! அந்தக் குசும்பு பிடிக்கும்.

டாப் கியரில் விசை துணைத்தண்டை (லேஷாஃப்ட்) சுற்றாமல் நேரே போகும். கீழ் கியர்களில் முனகி டாப்பில் அடங்கினால், துணைத்தண்டின் புஷ், பற்கள் மீது சந்தேகப்படலாம். கியர் விழவில்லையென்றால் முதலில் கிளட்ச் கேபிளைப் பாருங்கள்.

வண்டி சூடாக இருக்கும்போதே கியர் பெட்டி ஆயிலை வடித்து, அதில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். சாம்பல்நிறப் பசை வழக்கமான தேய்மானம். நகத்தில் இடறும் சில்லு என்றால் பெட்டியைப் பிரித்தாக வேண்டும். ஆயில் பால்நிறமா? தண்ணீர் புகுந்துவிட்டது. ஐப்பசி மழையில் ஓட்டியவர்கள் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.