ஆங்கிலேயன் இல்லமும் அவன் கோட்டையும்

'ஆங்கிலேயனுக்கு அவன் இல்லமே கோட்டை' என்பது ஆங்கிலத்திற் பெருவழக்காயுள்ள ஒரு பழமொழி. வேலியை உயர்த்துபவனும், விருந்தினரை விரும்பாதவனும், அரச அலுவலரை வாயிலில் நிறுத்துபவனும் இதனையே எடுத்தாள்வர். இவர் அனைவரும் ஒரே பொருளைக் கருதுகின்றனரா? இல்லை என்பதே எமது துணிபு. நீதிமன்றத்தில் நிலைபெற்று, நாவலிலும் நாடகத்திலும் புதுப்பொருள் ஏற்ற இத்தொடரின் போக்கினை ஈண்டு ஆராய்வாம்.

இதற்கு நிலைபேறு அளித்தது 1604ஆம் ஆண்டிலே தீர்க்கப்பட்ட செமேன் வழக்காகும். இலண்டனில் ஒரு வீட்டைக் கிரெஷாம், பெரிஸ்போட் என்னும் இருவர் கூட்டாக வைத்திருந்தனர். பெரிஸ்போட் கடனோடு இறந்தார். அவர் பொருள்களைக் கைப்பற்றுமாறு கடன் கொடுத்த செமேனின் பொருட்டு ஷெரிப் வந்தபோது, கிரெஷாம் கதவைச் சாத்தினார். இவ்வழக்கைப் பதிவுசெய்த சேர் எட்வேட் கோக், ஒவ்வொருவனுக்கும் அவன் வீடு கோட்டை போன்றது என்னும் கருத்தை வரைந்தார். ஆயினும் அத்தீர்ப்புக் கதவை முற்றாக அடைத்துவிடவில்லை. தனியார் வழக்கிற் கதவை உடைத்தலாகாது. அரசனது வழக்கில் உடைக்கலாம். அப்போதும், வந்த காரணத்தை முன்னர்க் கூறித் திறக்குமாறு கேட்டல் வேண்டும் என்பதே அதன் சாரம். ஆகவே இத்தொடர் முதலிற் குறித்தது உரிமையாளனின் செருக்கையன்று; அதிகாரம் வாயிலில் நின்று பேசவேண்டிய முறைமையையே.

1762இல் ஜோன் என்ரிக் என்னும் எழுத்தாளரின் வீட்டினுள் அரச தூதர் புகுந்து, பூட்டுகளை உடைத்துத் தாள்களை எடுத்துச் சென்றனர். அமைச்சர் ஒருவரின் ஆணையே அவர்க்கிருந்த துணை. சட்டம் வழங்காத அதிகாரத்தை அவ்வாணை வழங்காது என 1765இல் நீதியரசர் காம்டன் பிரபு தீர்த்தார். கோக் கூறிய முறைமை இவ்வாறு வலுப்பெற்றது.

கோக் கையாண்டது 'ஹவுஸ்' என்னும் சொல்லையே. மக்கள் வழக்கில் அது 'ஹோம்' ஆயிற்று. முன்னது சுவரும் கூரையும். பின்னது அன்பும் அமைதியும். தமிழாக்குவோர் சட்டப்பொருளுக்கு 'வீடு' எனவும், உணர்வுப்பொருளுக்கு 'இல்லம்' எனவும் கொள்ளுதல் பொருந்தும்.

இம்மாற்றத்திற்குச் சிறந்த சான்று, 1860–61இல் தொடராக வெளிவந்த டிக்கன்சின் 'கிரேட் எக்ஸ்பெக்டேசன்ஸ்' நாவலில் வரும் வெமிக் என்னும் பாத்திரம். வழக்கறிஞரின் எழுதுவினைஞனாகிய அவன், தன் சிறுவீட்டிற்குத் தூக்குபாலமும் கொடியும் பீரங்கியும் அமைத்து, இரவு ஒன்பது மணிக்கு வெடி தீர்க்கின்றான். செவிப்புலன் குன்றிய தந்தை அவ்வோசையைக் கேட்டு மகிழ்கின்றார். வாசகர் நகைப்பர், ஆழ்ந்து நோக்கின் நகை அடங்கும். அவன் அஞ்சுவது அரச சேவகனையன்று, தன் தொழிலையே. இரக்கத்தை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டே அவன் அலுவலகம் செல்கின்றான். பாலத்தைத் தூக்கினாலன்றி மனிதனாய் வாழவியலாத சமுதாயத்தின்மேற் டிக்கன்ஸ் சாட்டிய குற்றம் இது.

1909இல் அரங்கேறிய கை டு மோறியரின் 'ஆன் இங்கிலிஷ்மன்ஸ் ஹோம்' நாடகம் இத்தொடரையே எள்ளியது. விளையாட்டிலே மூழ்கிய குடும்பமொன்றின் வீட்டினுள் அயற்படை புகுகின்றது. நாட்டைக் காவாதவனுக்கு வீடு கோட்டையாகாது என்பது அந்நாடகத்தின் எச்சரிக்கை.

இத்துணைப் பொருள்களும் ஒன்றை மறந்தன. கோட்டை என்றால் தலைவன் ஒருவன் உளன். உள்ளே வாழ்வோர்க்கு யாது காப்பு? மனைவியின் உடன்பாடின்றிக் கணவன் அவளை வன்புணர்தலும் குற்றமே என்பதை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1991இலேதான் உறுதிசெய்தது. வெளியிலிருந்து வரும் வலியோனைத் தடுக்கப் பிறந்த கருத்து, உள்ளிருக்கும் வலியோனுக்கு மதிலாய் நெடுங்காலம் நின்றுவிட்டது.

எனவே, இத்தொடரை எடுத்தாள்வோர் அதன் பிறப்பினை நினைத்தல் வேண்டும். அது எளியோனுக்குக் கவசமாய் நிற்குமிடத்துப் போற்றுக. வலியோனுக்குத் திரையாய் நிற்குமிடத்து மறுத்துரைக்க.