யாரும் வராத காத்திருப்பு

திருமுல்லைவாயிலில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல் போய்ச் சேர முக்கால் மணி நேரம் பிடிக்கும். மகளிர் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தால் விடைத்தாள் திருத்துவேன். கிடைக்காத நாளில் கம்பியைப் பிடித்தபடி பாட்டுக் கேட்பேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி என் கைபேசியில் ஓர் ஆல்பத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டு, "மேடம், இதுல பாட்டுன்னு பெருசா ஒண்ணும் இருக்காது. பரவாயில்லையா?" என்று தயங்கினாள். பெங்களூரிலிருந்து இயங்கும் 'ஆஸ்வீகீப்சர்ச்சிங்' குழுவின் 'ஜியா', 2017இல் வந்தது. அம்பத்தூரில் மெல்லத் தொடங்கிய இசை கொரட்டூர் வரும்போதுதான் முழு உயரத்துக்கு எழுந்தது. அதுவரை யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

இந்த வகைக்குப் போஸ்ட் ராக் என்று பெயர். 1994இல் பிரிட்டிஷ் விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கிதார், பேஸ், டிரம்ஸ் என ராக் இசையின் அதே கருவிகள்தாம். ஆனால் வேலை வேறு. பாடகருக்குப் பின்னால் நிற்பதை விட்டுவிட்டு, கிதார் நிறமாகவும் மூட்டமாகவும் பரவுகிறது. நாலைந்து சுரங்கள் திரும்பத் திரும்ப வரும். டிலே பெடல் அவற்றை எதிரொலித்து அடுக்கும். பத்து நிமிடம்கூட ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தில் உடைந்து கொட்டும். குரல் வந்தாலும் கருவிகளோடு கருவியாகக் கரைந்துவிடும்.

சென்னையில் இதற்குப் பெரிய கூட்டமில்லை. நான் பார்த்தவரை கேட்பவர்கள் கல்லூரிப் பிள்ளைகள், ஐ.டி. வேலைக்குப் போகிறவர்கள். ஆனால் கேட்பவர்கள் விடாப்பிடியாகக் கேட்கிறார்கள். இதில் என்ன இருக்கிறது என்று அந்த மாணவியிடம் கேட்டேன். "இதுல யாரும் என்னைப் பாக்கல மேடம்" என்றாள்.

இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் படித்ததில்லை. நம் காதில் விழும் பாட்டில் பெரும்பகுதி திரைப்பாட்டு. அதில் பெரும்பகுதியை எழுதியவர்கள் ஆண்கள். அந்தப் பாட்டுகளில் 'நீ' என்றொரு சொல் வரும்போதெல்லாம் கேட்கும் பெண் தன்னையறியாமல் அந்த இடத்தில் போய் நிற்கிறாள். வர்ணிக்கப்படுகிறாள், கெஞ்சப்படுகிறாள், ஏமாற்றுக்காரி என்று ஏசப்படுகிறாள். பெண் குரலுக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. சொற்களை அவன் பாடுவான், அவள் ஹம்மிங் கொடுப்பாள். பின்னணி இசையிலும் ஏக்கம் வேண்டுமென்றால், பேய் வேண்டுமென்றால், ஒரு பெண் வார்த்தையில்லாமல் முனகுவாள். ஆகவே சொல்லற்ற இசை தமிழ்ப் பெண்ணுக்குப் புதிதல்ல. 'நீ' என்று விளிக்கும் ஆண் குரலும் இல்லாத சொல்லின்மைதான் புதிது.

கவிதை எழுதும் எனக்கு இது உவப்பாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வெளிவந்தபோது நான் எழுதத் தொடங்கியிருந்தேன். தலைப்பின் ஒற்றைச் சொல்லுக்காக ஒரு கவிஞர் எப்படியெல்லாம் தூற்றப்பட்டார் என்று பார்த்தேன். கண்டித்தவர்களில் திரைப்பாடலாசிரியர்களும் இருந்தார்கள். பெண்ணுடலை வரிக்கு வரி விற்றவர்களுக்கு, பெண் தன் உடலைப் பெயர் சொல்லி அழைத்தது பொறுக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் எழுதும்போது யாரோ தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும் உணர்வு போகவில்லை. சொல்லே இல்லாத இசையில் அந்த ஆள் இல்லை. அதனாலேயே இதைச் சந்தேகிக்கவும் செய்கிறேன். பேசாதே என்று அடக்கப்பட்டவளுக்கு மௌனம் எப்படி விடுதலையாகும்?

பதில் எனக்கு முல்லைத் திணையில் கிடைத்தது. நான் குடியிருக்கும் ஊரின் பெயரிலேயே முல்லை இருக்கிறது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். கார்காலம், மாலை நேரம், போன தலைவன் திரும்பும்வரை ஆற்றியிருக்கும் தலைவி. ஒக்கூர் மாசாத்தியார் போன்ற பெண்பாற் புலவர்களும் இந்தக் காத்திருப்பை எழுதினார்கள். வகுப்பில் இதைக் கற்பு என்று விளக்கும் உரைகளை இருபது ஆண்டுகளாகக் கடந்து வருகிறேன். போஸ்ட் ராக்கின் வடிவமும் காத்திருப்புதான். மேகம் திரள்வதுபோல் ஒலி திரள்கிறது. ஆனால் தேர் வருவதில்லை. காத்திருந்தவள் யாருக்கும் கதவைத் திறக்க வேண்டியதில்லை. கொட்டும் மழை அவளுக்கானது. காத்திருப்பிலிருந்து தலைவனை எடுத்துவிட்டால் அதில் இவ்வளவு பலம் மிஞ்சுமா என்று நான் வியந்தது அப்போதுதான்.

ஆனால் சொல்லை நீக்கிவிட்டால் இசை தூய்மையாகிவிடும் என்று நம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தொல்காப்பியம் கருப்பொருளில் பறையையும் யாழையும் சேர்க்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் அதனதன் கருவி. கருவி நிலத்துக்கு உரியதாக இருந்த காலம் போய், சாதிக்கும் பாலுக்கும் உரியதானது. பொருநராற்றுப்படை யாழை வர்ணிக்கும்போது கருவுற்ற பெண்ணின் வயிற்றை உவமை சொல்கிறது. கிதாரின் வளைவுகளைப் பெண்ணுடலோடு ஒப்பிடும் இன்றைய அசட்டுப் பேச்சுக்கு வயது ஈராயிரம். பெண் கருவியாகலாம், வாசிப்பவளாவது கடினம். நாதஸ்வரத்தில் பெரும்புகழ் பெற்ற மதுரை எம்.எஸ். பொன்னுத்தாயி, கணவர் மறைந்த பின் அந்த மங்கல வாத்தியத்தைக் கீழே வைக்க நேர்ந்தது. நாதஸ்வரத்திலும் சொல் இல்லை; வாசிப்பவளின் நெற்றியைத்தான் ஊர் பார்த்தது. பறையில் சொல் இல்லை. ஆனால் சாவோடும் சேரியோடும் அதைக் கட்டிப்போட்டார்கள். அந்தக் கட்டை அவிழ்க்கத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் பறையைக் கையில் எடுத்து ஆட வேண்டியிருந்தது. 2018இல் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவுக்குச் சொல் தேவைப்பட்டது. அதில் கானா பாடிய இசைவாணியிடம் போய்ச் சொல்லற்ற இசையே உயர்ந்தது என்று நான் சொல்ல முடியாது. சொல்லை மறுக்கும் வசதி, சொல் ஏற்கெனவே கையில் உள்ளவர்களுக்கே முதலில் கிடைக்கிறது. எனக்கும்தான்.

போஸ்ட் ராக்கின் சொந்த வீட்டிலும் கணக்கு நேராக இல்லை. கனடாவின் 'காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர்' குழுவில் வயலின் வாசிப்பவர் சோஃபி த்ரூடோ. ஜப்பானின் 'மோனோ'வில் பேஸ் வாசிப்பவர் தமாகி. இப்படி விரல்விட்டு எண்ணலாம். பாடகர் இல்லாத இந்த வகையின் மிகப் புகழ்பெற்ற ஆல்பங்களில் ஒன்று, 1997இல் வந்த காட்ஸ்பீடின் முதல் ஆல்பம், ஓர் ஆணின் நீண்ட பேச்சோடுதான் தொடங்குகிறது!

என் அக்கா மகள் கிதார் வாசிக்கிறாள். கல்லூரி என் வீட்டுக்குப் பக்கம் என்பதால் என்னோடு தங்கியிருக்கிறாள். மாடி அறையில் மணிக்கணக்காக ஒரே கோவையை வாசித்துப் பழகுவாள். பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் படியேறி வந்து, கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. பொண்ணு எப்பம்மா பாடும்?" என்றார். அவர் கேட்டதில் கெடுதல் இல்லை. பெண் கையில் கருவி இருந்தால் அது பாட்டுக்குத் துணையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நமக்கும் அப்படித்தான் கற்பிக்கப்பட்டிருக்கிறது. "இதுதான் ஆன்ட்டி பாட்டு" என்றாள் இவள்.

அவளுடைய குழுவில் நான்கு பேர். மற்ற மூவரும் பையன்கள். ஒத்திகை நகரத்துக்குள், முடிய ஒன்பதாகிறது. பையன்களை எந்த வீட்டிலும் நேரம் கேட்பதில்லை. இவளுடைய அப்பா மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "இன்னும் எத்தனை நாளைக்கு இது?" என்கிறார். அவள் விட்டுவிட்டால் அதற்குக் காரணம் இசையாக இருக்காது. பத்து மணி ரயிலாகத்தான் இருக்கும். அதனால் சனிக்கிழமை இரவுகளில் திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் போய் நிற்கிறேன். ரயில் நிற்கும். முதுகில் கிதார்ப் பையோடு இறங்குவாள். "சாப்டியா சித்தி?" என்று கேட்டுக்கொண்டே எனக்கு முன்னால் நடப்பாள்.