மரத்தில் தொங்கி மான் வேட்டை: சேடில் பற்றிச் சில குறிப்புகள்

நான் வேட்டைக்காரன் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் ஏமாந்ததாகச் சொல்லக்கூடாது. ஆனால் கயிறு, பாரம், கொக்கி இதெல்லாம் என் தொழிலோடு சம்பந்தப்பட்டவை. அதனால்தான் பக்கத்து வீட்டுப் பெரியவர் போன ஆகஸ்டில் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். உள்ளே இருந்தது ஒரு ட்ரீ சேடில். மருமகன் வாங்கிக் கொடுத்தது. "இதை நம்பலாமா?" என்பது ஒன்றுதான் அவர் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இரண்டு வருஷம் முன்னால், ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும் நேரத்தில் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் விரிசல், நாலு மாதம் படுக்கை. பாதுகாப்புப் பட்டை அவரிடம் இல்லாமல் இல்லை. இருந்தது, வண்டியின் பின்சீட்டில். இந்தப் பின்சீட்டு விஷயத்தை மறந்துவிடாதீர்கள், கடைசியில் அதற்குத்தான் வரப்போகிறேன்.

இது மிச்சிகன். வில் வேட்டைப் பருவம் அக்டோபர் 1-ல் தொடங்கும், துப்பாக்கிப் பருவம் நவம்பர் 15-ல். 1972 சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று வளர்ந்த நமக்கு இது உறுத்தும், எனக்கும் உறுத்தியது. ஆனால் இந்த ஊர்க் கணக்கு வேறு. 1900 வாக்கில் அமெரிக்கா முழுக்கச் சுமார் 5 லட்சமாகச் சுருங்கிப்போயிருந்த வெள்ளைவால் மான், இன்று ஏறக்குறைய 3 கோடி. மிச்சிகனில் மட்டும் ஆண்டுக்கு 50,000-க்கு மேல் மான் - வாகன மோதல்கள். வேட்டை சரியா தவறா என்பதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். வேட்டையாடுகிறவன் வீட்டுக்கு உயிரோடு திரும்புகிறானா, அவன் குறிவைத்த மான் வதைபடாமல் சாகிறதா, இந்த இரண்டு கேள்விகள் மட்டும்தான் இந்தப் பதிவுக்கு.

என்ன பொருள் இது?

சேடில் என்றதும் குதிரைச் சேணம் ஞாபகம் வரும். எனக்கு நம்ம வீட்டுத் தூளிதான் ஞாபகம் வந்தது. இடுப்புக்குக் கீழே தாங்கும் அகலமான துணிப்பட்டை, தொடைகளுக்கு இரண்டு வார்கள். இடுப்பின் இரு பக்கத்தையும் இணைக்கும் சின்னக் கயிற்றுக்குப் பெயர் பிரிட்ஜ். அதைக் காரபைனர் மூலம் டெதர் என்னும் கயிற்றில் மாட்ட வேண்டும். டெதரோ மரத்தைச் சுற்றித் தலை உயரத்தில் இறுக்கிக் கட்டியிருக்கும். காலுக்கு ஒரு சின்ன மேடை. அதில் நின்று, மரத்தைப் பார்த்தபடி பின்னால் சாய்ந்து தொங்குகிறோம். வேண்டுமானால் முழங்காலை மரத்தில் முட்டுக்கொடுத்து உட்காரலாம்.

புதுக் கண்டுபிடிப்பு இல்லை. மின்கம்பத் தொழிலாளியும் மரம் வெட்டுபவரும் எப்போதோ பயன்படுத்திய சங்கதிதான். மிச்சிகன்காரரான ஜான் எபர்ஹார்ட் 1980களிலிருந்தே இந்த முறையில் வில் வேட்டையாடி, அதைப் பற்றி எழுதியும் பேசியும் வந்தவர். ரொம்ப நாள் அது ஒரு சிலரின் கிறுக்காகத்தான் இருந்தது. கடந்த பத்தாண்டுகளுக்குள்தான் திடீரென்று எல்லோர் வாயிலும் சேடில், சேடில்.

நல்லது என்னவென்றால்

முதலில் எடை. சேடில் மட்டும் ஒரு கிலோவுக்கு முன்பின். மேடை, ஏறுவதற்கான ஸ்டிக்குகள் எல்லாம் சேர்த்தாலும் ஒருவர் முதுகில் சுமந்து இரண்டு மைல் நடக்கலாம். பொதுக்காட்டில் வேட்டையாடுகிறவருக்கு இது பெரிய விஷயம். காற்று இன்று மேற்கிலிருந்து, நாளை தெற்கிலிருந்து. மானின் மூக்கை ஏமாற்ற முடியாது, இடத்தைத்தான் மாற்ற வேண்டும். மிச்சிகன் பொதுநிலங்களில் மரப்பட்டையைத் துளைக்கும் எதையும் ஏறுவதற்காகப் பொருத்தக்கூடாது என்று விதி இருக்கிறது. சேடிலோ கயிறும் பட்டையும்தான், ஆணி தேவையில்லை.

இரண்டாவது, மரத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம். பரணுக்கு நேராக நிற்கும், கிளையில்லாத தடித்த மரம் வேண்டும். சேடிலுக்குக் கோணலான மரமும் போதும். தண்டுக்குப் பின்னால் மறைந்தும் கொள்ளலாம். மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் சரியாகத் தெரியாது, அதனால்தான் வேட்டைக்காரர் ஆரஞ்சு உடுப்பில் நிற்க முடிகிறது. ஆனால் அசைவை உடனே பிடித்துவிடும். நடுவில் ஒரு மரம் இருப்பது பெரிய மறைப்பு.

மூன்றாவதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். பரணில் இருக்கை வேறு, பாதுகாப்புக் கயிறு வேறு. கயிறு மாட்டாமலும் சௌகரியமாக உட்காரலாம், எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். சேடிலில் கயிறுதான் இருக்கை. மாட்டாமல் உட்காரவே முடியாது. மறதிக்கும் சோம்பலுக்கும் இடம் தராத வடிவமைப்பு என்று நாங்கள் தொழிலில் சொல்வோமே, அதுதான்.

கெட்டது என்னவென்றால்

விற்பவர்கள் சொல்லாமல் விடும் பகுதி இங்கே ஆரம்பிக்கிறது. "தரையிலிருந்து தரை வரை கட்டப்பட்டிருக்கிறீர்கள், ஆகவே இதுதான் மிகப் பாதுகாப்பானது" என்பது வழக்கமான விளம்பர வாதம். பாதி உண்மை.

விழுகிறவர்களில் பெரும்பாலோர் ஏறும்போது, இறங்கும்போது, அல்லது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கால் மாற்றும்போதுதான் விழுகிறார்கள். எங்கள் பெரியவர் விழுந்ததும் அப்படித்தான். சேடில்காரர் ஏறும்போது இடுப்பைச் சுற்றிப் போடுவது லைன்மேன் பெல்ட். கை இரண்டையும் விட்டு வேலை செய்ய அது அருமையான சாதனம். ஆனால் கால் வழுக்கினால்? மரத்தை ஒட்டியபடியே கீழே சறுக்க வேண்டியதுதான், அந்தக் கயிறும் கூடவே சறுக்கும். டெதரையும் சேர்த்துப் போட்டு, படிப்படியாக மேலே நகர்த்திக்கொண்டே ஏறினால்தான் "தரையிலிருந்து தரை வரை" என்ற வார்த்தைக்கு அர்த்தம். விடிகாலை இருட்டில், கை விறைக்கும் குளிரில் எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள்?

அடுத்தது தளர்வு. இதைக் கொஞ்சம் கணக்காகவே பார்த்துவிடுவோம். டெதரில் 60 செ.மீ. தளர்வு விட்டு ஒருவர் நிற்கிறார், கால் தவறுகிறது. 60 செ.மீ. விழுந்தபின் கயிறு அவரை 10 செ.மீ. தூரத்துக்குள் நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தும் சராசரி விசை அவர் எடையைப் போல் ஏழு மடங்கு. 80 கிலோ ஆளுக்கு 560 கிலோ பாரம். அது முழுவதும் இடுப்பிலும் கீழ்முதுகிலும் இறங்கும். நீட்சி இல்லாத கயிறாக இருந்தால் இன்னும் மோசம். அதே ஆள் கயிற்றை விறைப்பாக வைத்திருந்தால்? விழுவதற்கே தூரம் இல்லை. ஒரு ஆட்டம் ஆடுவார், அவ்வளவுதான்.

தொழிற்சாலைப் பாதுகாப்பில் இந்த வேறுபாடு பழைய பாடம். அமெரிக்காவின் ஓஷா அமைப்பு, விழுபவரைத் தடுத்து நிறுத்தும் சாதனமாக இடுப்புப் பட்டையை ஏற்பதை 1998 ஜனவரி 1-லிருந்து நிறுத்திவிட்டது. அதற்கு உடல் முழுவதும் தாங்கும் பட்டை வேண்டும். நின்று வேலை செய்யும் நிலையில் ஆளைப் பிடித்துவைக்க இடுப்புப் பட்டையைப் பயன்படுத்தலாம், ஆனால் இரண்டு அடிக்கு மேல் விழ வழி இருக்கக்கூடாது. வேட்டைக்கு அந்த விதி பொருந்தாது, சேடிலுக்குத் தொடை வார்களும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சேடில் இரண்டாவது வகைச் சாதனம். விழாமல் பிடித்துவைப்பது அதன் வேலை, விழுந்தவரைப் பிடிப்பதல்ல. டெதர் கட்டிய இடத்துக்கு மேலே ஏறி நின்றால் இந்தக் கணக்கு எல்லாம் தலைகீழ்.

இன்னொரு பயம், மரமே. 2002-ல் டெட்ராய்ட் அருகே கண்டுபிடிக்கப்பட்ட மரகதத் துளைப்பான் வண்டு, மிச்சிகனின் ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றது. செத்து நிற்கும் ஆஷ் மரங்களை இன்றும் பார்க்கலாம். எந்த மரத்திலும் ஏறலாம் என்ற சேடிலின் பெருமையே இங்கே பொறி ஆகிவிடும். ஸ்டிக், மேடை, டெதர் மூன்றும் அந்த ஒரே மரத்தை நம்பித்தான்.

உடம்பு நோவு பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று மணி நேரம் இடுப்பெலும்பில் பட்டை அழுத்தினால் கால் மரத்துப் போகும். பட்டையின் உயரத்தைச் சரிசெய்து பழகினால் குறையும் என்கிறார்கள். குறையும், போகாது.

மானின் பக்கம்

உயரம் வேட்டைக்காரருக்கு மறைப்பு, மானுக்கு ஆபத்து. நல்ல சாவு என்றால் அம்பு இரண்டு நுரையீரலையும் துளைக்க வேண்டும். 6 மீட்டர் உயரத்திலிருந்து 9 மீட்டர் தள்ளி நிற்கும் மானைப் பார்த்தால் சாய்வு ஏறக்குறைய 30 டிகிரி. அதே மான் 3 மீட்டரில் வந்து நின்றால் 60 டிகிரி. அந்தச் சாய்வில் அம்பு ஒரு நுரையீரலை மட்டும் துளைத்துக் கீழே போய்விடலாம். அந்த மான் உடனே விழாது. ரொம்ப தூரம் ஓடி, எங்கோ ஒரு புதரில் மெதுவாகச் செத்துப்போகும், யாருக்கும் கிடைக்காது.

சேடிலில் இடுப்பில் மடங்கிக் குனிவது சுலபம், அந்த அளவுக்கு எய்யும் நிலை கெடாது. அது நல்லது. ஆனால் வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் எளிது, வலப்பக்கம் மான் வந்தால் உடம்பையே மரத்தைச் சுற்றித் திருப்ப வேண்டும், கயிறு குறுக்கே வரும். "360 டிகிரி எய்யலாம்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். முடியும்தான். ஆனால் எய்யாமல் விடவேண்டிய கோணங்களும் அந்த 360-க்குள் இருக்கின்றன. அதை விளம்பரம் சொல்லாது, வேட்டைக்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டும்.

பெரியவருக்கு என்ன சொன்னேன்?

"தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒரு மாதம் தொங்கிப் பாருங்கள்" என்றேன். அவர் வீட்டுப் பின்புற மேப்பிள் மரத்தில் செப்டம்பர் முழுக்கத் தினமும் சாயங்காலம் தொங்கினார். நானும் இரண்டு நாள் தொங்கினேன். கயிற்றை நம்பிப் பின்னால் சாயும் அந்த முதல் நொடி இருக்கிறதே, வயிற்றைப் பிசைகிறது. சாய்ந்தபின் ஒரு நிம்மதி. அவருக்கு நாற்பது நிமிஷத்துக்கு மேல் முதுகு ஒத்துழைக்கவில்லை.

கடைசியில் சேடிலை மருமகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். இளைஞன், பொதுக்காட்டில் அலைகிறவன், பழகிக்கொள்ளப் பொறுமையும் இருக்கிறது. அவனுக்கு அது சரியான கருவி. சொந்த நிலத்தில், வருஷாவருஷம் ஒரே மரத்தில் உட்காரும் அறுபத்திரண்டு வயதுக்காரருக்கு ஏணிப் பரண்தான் சரி. ஆனால் ஒரு மாற்றத்தோடு. பரணுக்கு மேலே கட்டித் தரைவரை தொங்கும் ஒரு லைஃப்லைன். அதில் ஒரு புருசிக் முடிச்சு. முதல் படியில் கால் வைக்கும் முன்பே உடல் பட்டையை அந்த முடிச்சில் மாட்டிக்கொண்டு, ஏற ஏற அதைத் தள்ளிக்கொண்டே போகலாம். பாரம் விழுந்தால் முடிச்சு இறுகிப் பிடிக்கும். சேடிலைவிட எவ்வளவோ மலிவு.

சேடிலா பரணா என்று இங்கே சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால், சேடிலிடமிருந்து கற்க வேண்டியது ஒன்றுதான். பாதுகாப்பு என்பது தனியாக எடுத்துப் போகும் பொருளாக இருந்தால் அது ஒருநாள் வண்டியின் பின்சீட்டிலேயே கிடக்கும். வேலையோடு பின்னிப் பிணைந்திருந்தால் மறக்க முடியாது. பெரியவர் இப்போது உடல் பட்டையை வீட்டு வாசலிலேயே, ஜாக்கெட்டுக்கு முன்னால் போட்டுக்கொள்கிறார். நவம்பர் 15 காலையில் அப்படித்தான் கிளம்பிப் போனார். மான் கிடைக்கவில்லை. மத்தியானம் காபிக்கு வந்துவிட்டார்.