யார் பக்கமும் சேராத கோபம்

பெல்ஃபாஸ்ட் நகரத்து ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் குழுவின் 'இன்ஃப்ளேமபிள் மெட்டீரியல்' 1979 பிப்ரவரியில் வெளிவந்தது. அரசியல் பேசும் பங்க் ஆல்பங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். இதை வட அயர்லாந்து மோதலின் ஆவணம் என்று சொல்லி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். ஆவணமாகப் பார்த்தால் இதில் ஓட்டைகள் நிறைய. பாட்டாகக் கேட்டால்தான் இதன் பலம் தெரியும்.

3,500 பேருக்கு மேல் பலிகொண்ட மோதலின் நடுக்காலம் அது. வெளியூர்க் குழுக்கள் பெல்ஃபாஸ்டுக்கு வரவே தயங்கின. 1977இல் அறிவித்திருந்த தி கிளாஷ் குழுவின் கச்சேரியும் காப்பீட்டுச் சிக்கலால் கடைசி நேரத்தில் நின்றுபோனது. ஊர்ப் பிள்ளைகளே கிட்டாரைத் தூக்க வேண்டியதாயிற்று. ஹார்ப் பார் என்ற மதுக்கடையில், மோதலில் எதிரெதிரே நின்ற சமூகங்களின் கத்தோலிக்க இளைஞர்களும் புராட்டஸ்டன்ட் இளைஞர்களும் ஒரே மேடையின் முன்னால் குதித்தார்கள்.

இந்தக் குழுவின்மீது அன்றே ஒரு குற்றச்சாட்டு இருந்தது: ஊரின் துயரத்தை விற்றுப் பிழைக்கிறார்கள் என்பது. பாடகர் ஜேக் பர்ன்ஸோடு சேர்ந்து பல பாடல்களை எழுதிய கார்டன் ஓகில்வி ஒரு பத்திரிகையாளர் என்பது அதற்கு வலுச் சேர்த்தது. டெர்ரி நகரத்து அண்டர்டோன்ஸ் குழு விடலைக் காதலைப் பாடிக்கொண்டிருந்ததையும் எதிரே நிறுத்திக் காட்டினார்கள். எனக்கு இந்த வாதம் பிடிபடவில்லை. செய்தி அறிக்கையில் தினமும் அடிபடும் சொற்களைப் பொறுக்கி, அவற்றை வாழ்பவனின் வாயில் வைத்ததுதான் ஓகில்வியின் கைவண்ணம். செய்திகளில் 'சஸ்பெக்ட் டிவைஸ்' என்றால் வெடிகுண்டு என்று சந்தேகிக்கப்படும் பொருள். அதே பெயர் கொண்ட பாட்டில் அந்தப் பொருள், பொய்களைக் கேட்டுச் சலித்த இளைஞனேதான்.

'வேஸ்டட் லைஃப்' இன்னும் துணிச்சலானது. துப்பாக்கி ஏந்த அழைப்பவர்களிடம், என் உயிரை உங்களுக்காக வீணாக்க மாட்டேன் என்கிறான் ஒருவன். ஆயுதக் குழுக்கள் தெருவிலேயே ஆள் பிடித்த ஊரில் இதைத் தன்மையில் பாடுவது சாதாரணமல்ல. பர்ன்ஸின் தொண்டை கிழியும் குரல் இங்கேதான் முழுக்கப் பொருந்துகிறது. அது வீராப்பாக ஒலிக்கவில்லை, பயந்தவன் பல்லைக் கடித்துச் சொல்வதுபோல் இருக்கிறது.

குறைகளும் சிறியவை அல்ல. பல பாடல்களில் எதிரி வெறும் 'அவர்கள்'. ராணுவமா, போலீஸா, ஆயுதக் குழுவா, எல்லாரும் சேர்த்தா என்பது தெளிவதில்லை. யார் பக்கமும் சேராமல் நிற்க அந்த மூட்டம் உதவியது. ஆனால் ஆட்சியில் இருப்பவனையும் அவனுக்கு அடங்கிக் கிடப்பவனையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. 'ஆல்டர்நேட்டிவ் அல்ஸ்டர்' என்ன அருமையான மெட்டு! மாற்று ஊரைக் கேட்கிறது, அந்த ஊர் எப்படி இருக்கும் என்றுதான் சொல்வதில்லை.

'வைட் நாய்ஸ்' அதைவிடப் பெரிய சறுக்கல். கறுப்பர்களையும் பாகிஸ்தானியரையும் கடைசியில் ஐரிஷ்காரரையும் ஏசும் வசைகளை இனவெறியனின் குரலிலேயே பாடி, அவன் முகத்திரையைக் கிழிப்பதுதான் நோக்கம். நோக்கம் நேர்மையானதுதான். ஆனால் கூட்டம் சேர்ந்து கத்தத் தோதான மெட்டில் வசைச்சொற்களை வைத்தால், கத்துகிறவன் எந்த அர்த்தத்தில் கத்துகிறான் என்று யார் பார்ப்பது? வசைக்கு ஆளானவனின் காதில் வசைதான் விழும்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் திரும்பத் திரும்பக் கேட்பது 'ஜானி வாஸ்'. பாப் மார்லியின் பாட்டு. தெருவில் சுடப்பட்ட மகனுக்காகத் தாய் அழுவதைச் சொல்வது. அதை இவர்கள் சுமார் எட்டு நிமிடத்துக்கு நீட்டி, படைநடை போன்ற டிரம்மின் மேல் ஏற்றி, பெல்ஃபாஸ்டுக்கு இடம் மாற்றினார்கள். ரெக்கேயின் மென்மை போய்விட்டது என்று வருந்துவோர் உண்டு; எனக்கு அந்த இறுக்கம்தான் பாட்டின் உயிர். சுட்டவன் யாரென்று இதிலும் சொல்லவில்லை. மற்றப் பாடல்களில் மழுப்பலாகத் தெரிந்த அதே மௌனம் இங்கே சரியாக வந்து அமர்கிறது, ஏனென்றால் பாட்டு நிற்பது தாயின் பக்கத்தில். குண்டு எந்தத் தரப்பிலிருந்து வந்தது என்பது அவளுடைய முதல் கேள்வி அல்ல.