கொய்னாவும் காளானும் ஒரே கணக்கா?

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் நடுவட்டம் என்ற ஊரைக் கடந்திருப்பீர்கள். இன்று தேயிலை விரிந்து கிடக்கும் அவ்வூர் ஒரு காலத்தில் கொய்னாவின் ஊர். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் வளர்ந்த சிங்கோனா மரத்தை 1860ஆம் ஆண்டு நீலகிரிக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்தவர் கிளெமென்ட்ஸ் மார்க்கம். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அதை வளர்த்துக் காட்டியவர் மெக்கைவர்.

இக்கதையில் ஒரு சீமாட்டியும் வருவார். பெரு நாட்டை ஆண்ட ஸ்பானிய ஆளுநரின் மனைவி, சின்சோன் கோமாட்டி, இம்மரப்பட்டையால் காய்ச்சல் நீங்கப் பெற்றாராம். லின்னேயஸ் 1742இல் அவர் பெயரையே மரத்துக்குச் சூட்டினார். அந்தக் கதைக்கு ஆதாரம் இல்லை என்று 1941இல் ஹாகிஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். பட்டையின் குணத்தைச் சொல்லிக்கொடுத்த மலைமக்களின் பெயரோ மரத்தில் இல்லை.

இது அநீதி. ஆயினும் மருந்து அதனால் கெட்டுவிடவில்லை. பெல்லெத்தியரும் காவெந்துவும் 1820இல் பிரித்தெடுத்த குவினைன், அளவு சரியாக இருந்தால், யார் உண்டாலும் மலேரியா ஒட்டுண்ணியைத் தாக்கும். உண்பவரின் மனநிலையை அது கேட்பதில்லை.

அண்மையில் என் மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், மெக்சிகோவில் பழங்குடிகள் சாப்பிட்ட காளான் மனச்சோர்வைத் தீர்க்கிறதாமே? மழை பெய்தால் நம் மலையிலும்தானே காளான் முளைக்கிறது?" தவறு அவருடையதன்று. காளானைப் பற்றி எழுதுவோர் பலரும் கொய்னாக் கணக்கிலேயே எழுதுகிறார்கள். என் குறை அதுதான்.

இயற்பியல் தாளில் 'நீரின் கொதிநிலை 100 பாகை செல்சியஸ்' என்று மட்டும் எழுதினால் நான் முழு மதிப்பெண் தருவதில்லை. எந்த அழுத்தத்தில்? சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் நீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. நிபந்தனையும் விடையின் பகுதி.

காளானுக்கு அந்த நிபந்தனை என்ன? மெக்சிகோவின் வாஹாகா மாநிலத்தில் வாவுத்லா என்னும் மலையூர். அங்கே மசாத்தெக் இனத்தைச் சேர்ந்த மரியா சபீனா என்ற மூதாட்டி, நோயாளிக்காக இரவு முழுவதும் விழித்துப் பாடி, காளானைக் கொடுத்து வைத்தியம் செய்வார். 1955இல் கார்டன் வாசன் என்ற அமெரிக்க வங்கி அலுவலர் அச்சடங்கில் கலந்துகொண்டு, 1957இல் 'லைஃப்' இதழில் எழுதினார். அடுத்த ஆண்டே ஆல்பர்ட் ஹாஃப்மன் காளானிலிருந்து சைலோசைபின் என்னும் பொருளைப் பிரித்தார்.

1962இல் ஹாஃப்மன் அப்பொருளை மாத்திரையாக மூதாட்டியிடமே கொண்டுபோனார். அவரும் தம் வழக்கப்படி இரவுச் சடங்கு நடத்திப் பார்த்து, காளானின் ஆற்றல் மாத்திரையிலும் இருக்கிறது என்றார். கவனியுங்கள்: மாறியது பொருள் மட்டுமே. இரவும் பாட்டும் துணையும் மாறவில்லை. நல்ல சோதனை என்பது இதுதான்.

ஆனால் வேடிக்கைக்காக வந்து குவிந்த அயலாரால் அவ்வூர் அலைக்கழிந்தது. ஊரார் மூதாட்டியைப் பழித்தனர். அவர் வீடும் எரிக்கப்பட்டது. அயலார் வந்தபின் காளான் தன் வலிமையை இழந்தது என்று அவர் வருந்தினார். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். நிபந்தனை கெட்டால் விளைவும் கெடும் என்பதை அவர் தம் மொழியில் சொன்னார்.

2022இல் வெளியான, 233 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் 25 மில்லிகிராம் சைலோசைபின் மனச்சோர்வைக் குறைத்தது உண்மை. அங்கும் பயிற்சி பெற்றவர் பக்கத்திலேயே இருந்தார். முன்னும் பின்னும் உளவியல் துணை தரப்பட்டது. அப்படியிருந்தும் சிலருக்குத் தலைவலி, குமட்டல் போன்ற தொல்லைகள் நேர்ந்தன.

இன்னொரு குறையும் உண்டு. 1993 முதல் 2017 வரை இத்தகைய மருந்துகளைக் குறித்து நடந்த 18 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பங்கேற்ற 282 பேரில் 82 சதவீதத்துக்கு மேல் வெள்ளையர். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் 2 சதவீத அளவே. அறிவைத் தந்த மக்களையே விட்டுவிட்டு எடுத்த அளவை எல்லாருக்கும் பொருத்துவது எப்படி?

எதிர்ப்பக்கத்துப் பிழையையும் சொல்லவேண்டும். 'பழங்குடிகள் உண்டது, ஆகவே தீங்கில்லை' என்பதும் கொய்னாக் கணக்கே. கல்லீரலை அழிக்கும் காளான்களும் உண்டு. தோற்றத்தை வைத்து அவற்றைப் பிரித்தறிவது நமக்கு எளிதன்று. மேலும், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் சைலோசைபின் தடைசெய்யப்பட்ட பொருள்.

இருளர், குறும்பர் மருந்துகளைப் பற்றிக் கட்டுரை படிக்கும்போதும் இதே அளவுகோலைப் பயன்படுத்துங்கள். இலையின் பெயர் இருக்கும். அதிலுள்ள வேதிப்பொருளின் பெயரும் இருக்கும். யார் கொடுத்தார், யாருக்கு, எவ்வளவு, எந்தத் துணையோடு என்பது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அழுத்தம் குறிப்பிடாத கொதிநிலைதான் அது. முழு மதிப்பெண் தராதீர்கள்.